நடுவும் விளிம்பும்

குழிவான ஓர் அரங்குக்குள் இரண்டு பம்பரங்களைச் சுழலவிட்டு எது கடைசிவரை நிற்கிறது என்று பார்க்கும் போட்டியில், இயற்பியல் எப்போதும் நடுவில் அடங்கி நிற்கும் பம்பரத்தின் பக்கமே சாய்கிறது. கூரான முனையில் நிற்கும் பம்பரம் தரையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது என்பதால், உராய்வு அதன் சுழற்சியை மெல்லத்தான் தின்கிறது. தட்டையான முனை கொண்டதோ தரையைப் பற்றி இழுத்துக்கொண்டு அரங்கெங்கும் ஓடுகிறது. ஓடும் தூரம் முழுவதற்கும் உரிய விலையைத் தன் சுழற்சியிலிருந்தே கொடுக்கிறது. முதல் சில நொடிகளுக்குள் எதிரியை வெளியே தள்ளிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். தவறினால், எதிரி நடுவில் நிதானமாகச் சுழன்றுகொண்டிருக்க, அது தானே தள்ளாடிச் சாய்ந்துவிடும். ஜப்பானின் டகாரா நிறுவனம் 1999 ஜூலையில் பேபிளேடு என்னும் போர்ப் பம்பரங்களை விற்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை வந்துள்ள நான்கு தலைமுறைகளையும், இந்தச் சாய்வை நிமிர்த்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளாக வாசிக்கலாம். 2023 ஜூலையில் வெளிவந்த நான்காம் தலைமுறையான பேபிளேடு எக்ஸ் அவற்றுள் மிகத் துணிச்சலான முயற்சி. அது எந்த அளவுக்கு வென்றது, எந்த இடத்தில் இயற்பியல் அதை மடக்கியது என்பதைப் பார்ப்பதே அந்தப் பொம்மையை மதிப்பிடுவதற்கான நேர்மையான வழி.

இந்தப் பொம்மையின் மூதாதை பெய்கோமா. எடோ காலத்து ஜப்பானில், பாய் என்னும் கடல் நத்தையின் ஓட்டுக்குள் மணலோ களிமண்ணோ அடைத்து, வாயை மெழுகால் மூடிச் சிறுவர்கள் சுழற்றிய பம்பரம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டின் இடத்தை வார்ப்பு இரும்பு பிடித்துக்கொண்டது; டோக்கியோவை ஒட்டி, வார்ப்படத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கவகுச்சி நகரத்தின் பட்டறைகளில் இன்றும் அது வார்க்கப்படுகிறது. மூன்று சென்டிமீட்டர் அளவேயான அந்த இரும்புத் துண்டில் கயிற்றைச் சுற்றி, பீப்பாயின் வாயில் விரித்துக் கட்டிய கித்தான் துணியின் மேல் வீசுவார்கள். துணியின் நடுவில் விழும் பள்ளமே அரங்கு. வெளியே தெறித்த பம்பரம் வென்றவனுக்குச் சொந்தம், அதனாலேயே பல பள்ளிகள் இதைச் சூதாட்டம் என்று தடுத்தன.

பெய்கோமா ஆடியவர்களின் திறமை வீசும் கையோடு நின்றுவிடவில்லை. கடையில் வாங்கிய பம்பரத்தை அரத்தால் ராவியும் சிமெண்டுத் தரையில் தேய்த்தும் உயரத்தைக் குறைத்தார்கள், விளிம்பின் மூலைகளைக் கூராக்கினார்கள். தாழ்ந்த பம்பரம் எதிரியின் அடியில் புகுந்து அதைத் தூக்கி எறியும் என்பதை அவர்கள் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. நிறை மையம், அதாவது ஒரு பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, தாழ்ந்திருந்தால் நிலைப்பு கூடும் என்ற விதியை அவர்களுடைய விரல்கள் கண்டுகொண்டன. தமிழ்நாட்டுப் பம்பரக்குத்தில் வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரத்தின் மேல் எதிராளியின் ஆணி இறங்கி ஆக்கர் விழுந்தால் அந்தக் காயம் மரத்தில் நிரந்தரமாகத் தங்குகிறது; பெய்கோமாவில் பம்பரமே கைமாறிப் போகிறது. இரண்டிலும் தோல்விக்கு ஒரு பொருள்வழி விளைவு உண்டு. பேபிளேடு வந்தபோது அந்த விளைவு முழுவதும் நீங்கியது, தோற்ற சிறுவன் தன் பம்பரத்தை முழுதாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினான். பெற்றோரும் பள்ளிகளும் அந்தப் பொம்மையை ஏற்றுக்கொள்ள இது உதவியிருக்கும். ஆனால் பணயம் நீங்கிய போட்டியில் எது உயிரோடு இருக்கிறது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது, எக்ஸ் தலைமுறையின் புள்ளிமுறை அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து ஒரு விடை தந்தது.

முதல் தலைமுறையின் புதுமை, பம்பரத்தைப் பிரித்துச் சேர்க்க முடிந்ததுதான். மோதும் வளையம், எடைத் தட்டு, முனையைத் தாங்கும் அடிப்பாகம் என்று தனித்தனியே கிடைத்த பாகங்களைச் சிறுவர்கள் விருப்பம்போல் இணைத்தார்கள். கோரோகோரோ காமிக் இதழில் தகாவோ ஆவோகி வரைந்த தொடரும், 2001இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் அந்த இணைப்புகளுக்குப் பெயரும் குணமும் கொடுத்தன. டகாரா 2006இல் டோமி நிறுவனத்தோடு இணைந்தபின், 2008இல் இரண்டாம் தலைமுறை உலோக வளையங்களோடு வந்தது. மோதலின் ஓசையும் கனமும் கூடின என்றாலும் நீடித்துச் சுழல்வதன் கையும் கூடவே ஓங்கியது; முனைக்குள் சிறு பேரிங் பொருத்திய ஃபாண்டம் ஓரியன் போன்ற பம்பரங்கள் நிமிடக்கணக்கில் சுழன்றன, எதிரே வந்தவை முட்டி முட்டி ஓய்ந்தன. 2015இல் வந்த பர்ஸ்ட் தலைமுறை இதற்கு மாற்றாக, அடி வாங்க வாங்கப் பூட்டு தளர்ந்து பம்பரமே துண்டுகளாகச் சிதறும் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, சிதறடித்தவருக்கு 2 புள்ளி என்று வைத்தது. நடுவில் நிற்பதன் பாதுகாப்பை உடைக்க எடுத்த முதல் உறுதியான நடவடிக்கை அது. ஆனால் அதே தலைமுறையில்தான் இடப்புறமாகச் சுழலும் ட்ரெய்ன் ஃபாஃப்னிர், ரப்பர் விளிம்போடு வந்து, எதிரியின் சுழற்சியையே உறிஞ்சிப் பிழைத்தது. ஒரே திசையில் சுழலும் இரு பம்பரங்கள் தொடும்போது தொடும் புள்ளியில் அவற்றின் விளிம்புகள் எதிரெதிரே பாய்வதால் மோதல் கடுமையாகிறது. எதிர்த்திசைகளில் சுழல்பவை தொடும்போது, கோத்துக்கொண்ட பற்சக்கரங்களைப் போல விளிம்புகள் ஒரே பக்கம் நகர்வதால், வேகமாகச் சுழல்வது மெதுவாகச் சுழல்வதற்குத் தன் வேகத்தைப் பகிர்ந்தளிக்க நேர்கிறது. ரப்பர் அந்தப் பகிர்வைப் பலப்படுத்தியது. தாக்குதலுக்கு ஆதரவாகக் கட்டப்பட்ட தலைமுறை ஒன்றே பொறுமையின் மிக நுட்பமான வடிவத்தையும் ஈன்றது.

எக்ஸ் தலைமுறைப் பம்பரத்தில் மூன்று பாகங்களே உண்டு. மோதுகின்ற உலோகப் பாகம் பிளேடு. அதன் அடியில் பொருந்தி உயரத்தைத் தீர்மானிக்கும் வளையம் ரேச்செட். தரையைத் தொடும் முனை பிட். டிரான்சோர்டு 3-60எஃப் என்ற முதல் வெளியீட்டின் பெயரில், 3 என்பது ரேச்செட்டின் புடைப்புகளின் எண்ணிக்கை, 60 என்பது அதன் உயரக் குறியீடு, எஃப் என்பது தட்டை முனை. கூடவே வந்த ஹெல்ஸ்சைத், விசார்ட் ஆரோ, நைட்ஷீல்டு ஆகியவை முறையே சரிவு முனை, உருண்டை முனை, ஊசி முனை கொண்டவை. பெயரைப் படித்தாலே பம்பரத்தின் நடத்தையை ஊகிக்கலாம் என்ற இந்த ஒழுங்கு, முந்தைய தலைமுறைகளில் பெருகிக் குழம்பிப்போன பாகப் பட்டியல்களை நினைத்தால், பெரிய நிம்மதி.

எக்ஸ் தலைமுறையின் உயிர் இந்த மூன்று பாகங்களில் இல்லை, அரங்கின் விளிம்பை ஒட்டி ஓடும் பற்கள் பதிந்த தண்டவாளத்தில் இருக்கிறது. முனைக்குச் சற்று மேலே, ஒவ்வொரு பிட்டிலும் ஒரு சிறு பற்சக்கரம் வார்க்கப்பட்டிருக்கிறது. நடுவில் சுழலும்வரை அந்தப் பற்களுக்கு வேலையில்லை. தட்டை முனையோடு சரிவில் ஏறும் பம்பரம், கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுச் சற்றே சாய்ந்த கணத்தில், அதன் பற்கள் தண்டவாளத்தின் பற்களோடு கோத்துக்கொள்கின்றன. அதுவரை முனைக்கும் தரைக்கும் இடையில் இருந்தது வழுக்கும் உராய்வு. பம்பரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அதில் சிறு பங்குதான் முன்னோக்கிய ஓட்டமாக மாறிக்கொண்டிருந்தது. பற்கள் கோத்துக்கொண்டபின் வழுக்கலுக்கு இடமில்லை. ஒரு சுற்றுச் சுழன்றால், பற்சக்கரத்தின் சுற்றளவுக்குச் சமமான தூரம் பம்பரம் தண்டவாளத்தில் ஓடியே ஆக வேண்டும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சேர்ந்திருந்த சுழற்சி ஆற்றல், நொடியின் சிறு பகுதிக்குள் நேர்கோட்டு வேகமாகத் திறந்துவிடப்படுகிறது. டர்ரென்று ஒரு பல்லொலி. தண்டவாளத்தின் வளைவு முடியும் இடத்தில் பம்பரம் கழன்று, அரங்கின் குறுக்கே, நடுவில் நிற்பதன் விலாவை நோக்கிப் பாய்கிறது. தயாரிப்பாளர்கள் இதற்கு எக்ஸ்ட்ரீம் டேஷ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். டிரான்பஸ்டரோடு வந்த ஆக்சல் என்னும் முனையில் வழக்கத்தைவிட அதிகப் பற்கள் இருப்பதன் காரணமும் இதிலிருந்தே விளங்கும். பற்கள் கூடினால் சக்கரத்தின் சுற்றளவு கூடும், ஒரே சுற்றில் கடக்கும் தூரமும் கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது, புதிதாக ஆற்றல் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பது. மின்கலம் இல்லை, ஓட்டம் தரும் சுருள்வில் இல்லை. வீசிய கை கொடுத்ததற்கு மேல் ஓர் இம்மியும் பம்பரத்தில் கிடையாது. சேமிப்பை ஒரே வீச்சில் செலவழிக்க ஒரு வழியைத்தான் தண்டவாளம் திறந்துவிட்டிருக்கிறது. முந்தைய தலைமுறைகளில் தாக்கும் பம்பரம் தன் சுழற்சியை ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வீணாக்கியது. எக்ஸில் அது முழுத் தொகையையும் ஒரு பாய்ச்சலில் வைக்கிறது. பாய்ச்சல் குறி தவறினால் எதிரியைத் தொடாமலே தானே அரங்கின் வெளிக்குழிக்குள் போய் விழுவதும் நிகழ்கிறது, அப்போது புள்ளி எதிரிக்கு. தாக்குபவர் தம் மீதே வைக்கும் இந்த ஆபத்துதான், பெய்கோமாவில் இருந்து பேபிளேடில் காணாமற்போயிருந்த பணயத்தை மீட்டுத் தந்திருக்கிறது. பொம்மையைப் பறிகொடுக்காமலே பறிகொடுக்கும் பதைப்பைச் சிறுவர்களுக்குத் தர முடிந்தது ஒரு வடிவமைப்புச் சாதனை.

புள்ளிமுறை இந்தச் சிந்தனையை எண்களில் எழுதிவைக்கிறது. எதிரி சுழற்சி ஓய்ந்து நின்றால் 1 புள்ளி. பாகங்கள் சிதறினால் 2. பக்கத்துக் குழிகளில் விழுந்தால் 2. அவற்றுக்கு நடுவே எக்ஸ்ட்ரீம் மண்டலம் எனப்படும் குழியில் விழுந்தால் 3. முதலில் 4 புள்ளி எடுப்பவர் வெல்கிறார். பர்ஸ்ட் காலத்தில், எதிரியை வெளியே தள்ளுவதற்கும் அது ஓயும்வரை காத்திருப்பதற்கும் ஒரே 1 புள்ளிதான் கிடைத்தது. இப்போது பொறுமையை மட்டும் நம்புபவர் நான்கு முறை பொறுத்தாக வேண்டும், துணிந்து பாய்பவருக்கு இரண்டு வெற்றிகள் போதும். இயற்பியல் நடுவுக்குக் கொடுக்கும் சலுகையை விதிகள் விளிம்புக்குக் கொடுக்கும் சலுகையால் ஈடுகட்டுகின்றன. கோரோகோரோ காமிக்கில் 2023இல் தொடங்கிய எக்ஸ் தொடரின் கதையை ஹிகாரு முனோவோடு சேர்ந்து எழுதுபவர், சூதாட்டப் பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்ட காக்கேகுருய் தொடரின் கதாசிரியர் ஹோமுரா கவமோட்டோ என்பதும், வரைபவர் தி பிராமிஸ்டு நெவர்லேண்டின் ஓவியர் போசுகா டெமிசு என்பதும் இந்த இடத்தில் பொருள் பெறுகின்றன. பந்தயத்தில் மனிதர் எதை வைக்கிறார் என்பதைப் பற்றியே எழுதிவந்த ஒருவரின் கையில் இந்தப் பம்பரம் போய்ச் சேர்ந்தது பொருத்தமான தேர்வு.

இத்தனைக்கும் பிறகு இயற்பியல் திரும்பி வந்தது. 2024இல் தொடங்கிய யூனிக் லைன் என்னும் வரிசையில், உலோகத்தைப் பிளேடின் வெளிவிளிம்புக்குத் தள்ளிவைத்தார்கள். நிலைமத் திருப்புத்திறன் என்று பாடநூல்கள் கூறுவது, சுழலும் பொருள் தன் சுழற்சியில் ஏற்படும் மாற்றத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. அது எடையை மட்டும் பொறுத்ததன்று, அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதன் இருமடியைப் பொறுத்தது. எடை விளிம்புக்குப் போனதும் அடி பலமாக விழும் என்பது உண்மைதான், ஆனால் அதே காரணத்தால் சுழற்சியும் நெடுநேரம் தங்கும். அந்த வரிசையில் வந்த விசார்ட் ராடு 5-70டிபி, வட்டத்தை நெருங்கும் விளிம்பும், உருண்டை முனைக்கு மேல் தட்டாக விரிந்த பிட்டும் கொண்டது. பாய்ந்து வரும் பம்பரத்துக்குப் பற்றிக்கொள்ள அதன் விளிம்பில் கொம்பு ஏதும் இல்லை. அடி வழுக்கிப் போகிறது, அது நடுவிலிருந்து சற்று விலகிப் பின் மெல்ல நடுவுக்கே திரும்புகிறது. போட்டியாளர்கள் அதைப் போட்டிக்குப் போட்டி எடுத்துச்செல்லத் தொடங்கினார்கள். தாக்குதலுக்காகவே கட்டப்பட்ட அரங்கில் மிகுதியாக அஞ்சப்பட்ட பம்பரங்களுள் ஒன்று, ஓடவே விரும்பாத ஒன்றாக அமைந்தது.

இதை வடிவமைப்பின் தோல்வி என்று சொல்வோர் உண்டு. அது சரியான கணிப்பு அன்று. தாக்குதல் மட்டுமே வெல்லும் அரங்கு, பொறுமை மட்டுமே வெல்லும் அரங்கைப் போலவே சலித்துப்போகும். விசார்ட் ராடை வீழ்த்த முடியாதென்பதில்லை. ஃபீனிக்ஸ்விங், ஷார்க்எட்ஜ் போன்ற தாக்கு பம்பரங்கள் சரியான கோணத்தில் தண்டவாளத்தைப் பிடித்தால் அதையும் குழிக்குள் அனுப்புகின்றன. ஆனால் அந்தச் சரியான கோணம் எளிதில் அமைவதில்லை, ஆகவே 3 புள்ளிக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. அதிகாரபூர்வப் போட்டிகளின் மூன்றுக்கு மூன்று முறை இந்த இழுபறியை மேலும் கூர்மைப்படுத்துகிறது: பாகம் எதுவும் இரண்டு முறை வராமல் மூன்று பம்பரங்களை அமைத்து, எது எந்த வரிசையில் இறங்கும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும். விசார்ட் ராடு ஒன்றுதான் இருக்க முடியும். எஞ்சிய இரண்டில் துணிவு காட்டித்தான் ஆக வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெய்கோமாச் சிறுவன் தன் அறிவை அரத்தில் காட்டினான். ஒரே கடையில் ஒரே காசுக்கு வாங்கிய இரும்பு, யார் கையில் எவ்வளவு நேரம் தேய்ந்தது என்பதைப் பொறுத்து வேறாயிற்று. பேபிளேடு போட்டிகளில் பாகத்தை ராவுவதும் தேய்ப்பதும் விதிமீறல். எல்லோருக்கும் சமமான களம் அமைய இது தேவை என்பது புரிகிறது, ஆனால் திருத்துவதற்குரிய இடத்தை வாங்குவது பிடித்துக்கொண்டுவிட்டது. உள்ளே எந்தப் பம்பரம் இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாத ரேண்டம் பூஸ்டர் பெட்டிகள், ஆறு வயதுக் குழந்தைக்கு விற்கப்படும் பொருளில் இருக்கக் கூடாத ஒன்று. தேவையான பாகம் கிடைக்கும்வரை பெட்டிகளை உடைக்க வசதியுள்ள வீட்டுக் குழந்தையும், ஒரு பெட்டிக்குமேல் வாங்க முடியாத குழந்தையும் ஒரே அரங்கின் இரு பக்கங்களில் நிற்கும்போது, விதிப்புத்தகம் காக்கும் சமத்துவம் கடை வாசலிலேயே கலைந்துவிடுகிறது. தீவிரமாக ஆடும் பெரியவர்களோ, ஒரே பெயர் கொண்ட பிளேடுகளைச் சிறு மின்னணுத் தராசில் நிறுத்து, வார்ப்பில் தற்செயலாகச் சற்றே கனத்துப்போனதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தற்செயலைத் தேடி வாங்குவதற்கும் தேய்த்து உருவாக்குவதற்கும் இடையே உள்ள தொலைவு சிறியதன்று. 2025இல் வந்த கஸ்டம் லைன், பிளேடையே பூட்டுச் சில்லு, முதன்மைப் பிளேடு, துணைப் பிளேடு என்று பிரித்துக் கோக்கும் சுதந்திரத்தைத் தந்திருக்கிறது. யோசிப்பதற்கான இடம் இதில் விரிந்தது, வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலும் கூடவே நீண்டது.

வேகத்தைப் பற்றியும் ஒரு மனக்குறை உண்டு. எக்ஸ் அரங்கின் மேல் ஒளி ஊடுருவும் மூடி ஒன்று தேவைப்படும் அளவுக்குப் பாய்ச்சல் கடுமையானது. பல சுற்றுகள் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. பெய்கோமாவில் இரு இரும்புகள் கித்தானின் பள்ளத்தில் நெருங்கி, உரசி, விலகி, மறுபடி நெருங்குவதைப் பார்ப்பவர்கள் தொடர்ந்து கண்டு, எது தளர்கிறது என்று தங்களுக்குள் வாதிட முடிந்தது. எக்ஸில் பல்லொலி கேட்ட பின்னரே கண் திரும்புகிறது, அதற்குள் ஒன்று குழியில் கிடக்கிறது. தொலைக்காட்சித் தொடர் இதை மெதுவோட்டத்தில் காட்டித் தப்பிக்கிறது. அரங்கைச் சுற்றி நிற்கும் குழந்தைகளுக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் இந்தத் தலைமுறையில் ஆடுபவரின் கைக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்ற கேள்விக்கு, ஒரே ஒரு செயல் என்பதுதான் விடை. நடுவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி விடச்சொல்லும் அந்தக் குரலில், பம்பரத்தை ஏவும் லாஞ்சரின் பல்பட்டையையோ கயிற்றையோ இழுப்பதோடு மனிதரின் பங்கு முடிகிறது. ஆனால் அந்த ஓர் இழுப்புக்குள் அடங்கியிருப்பவை ஏராளம். லாஞ்சரைச் சமமாகப் பிடித்தால் பம்பரம் நடுவுக்கு இறங்குகிறது. சற்றே சாய்த்தால் சரிவில் ஏறித் தண்டவாளத்தைத் தேடுகிறது. அளவுக்கு மீறிச் சாய்த்தால் முதல் பாய்ச்சலிலேயே தன் குழியைத் தானே கண்டடைகிறது. முழு பலத்தோடு இழுப்பது எப்போதும் சரியன்று. எதிர்த்திசையில் சுழலும் பம்பரத்தை எதிர்கொள்ளும்போது, மெதுவாக விட்டு எதிரியின் வேகத்தைப் பெற்றுக்கொள்வதும் ஓர் உத்தி. லாஞ்சரில் பொருத்தி இழுப்பின் பலத்தை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் பேபேட்டில் பாஸ் என்னும் கருவியையும் தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். அது பலத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. கோணமும் தருணமும் கையின் பக்குவத்துக்கே விடப்பட்டிருக்கின்றன.

ஆட்டம் 3-க்கு 1 என்று நிற்கும் நிலையில் இவை எல்லாம் ஒன்றுகூடுகின்றன. முன்னிலையில் இருப்பவருக்குத் தேவை ஒரே புள்ளி, எதிரியின் சுழற்சி ஓய்ந்தால் போதும். அவருடைய வரிசையில் இப்போது இறங்குவது விசார்ட் ராடாக இருந்தால் லாஞ்சரைச் சமமாகப் பிடித்து நடுவில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார். பின்தங்கியவருக்கு இந்தச் சுற்றிலேயே ஆட்டத்தை முடிக்க ஒரு வழிதான் உண்டு, எதிரியை எக்ஸ்ட்ரீம் குழிக்குள் அனுப்பி 3 புள்ளியையும் ஒரே பாய்ச்சலில் எடுப்பது. சிதறடித்தாலும் பக்கத்துக் குழியில் தள்ளினாலும் சமன்தான் ஆகும். குறி தவறினால் தோற்பது அவர்தான். பர்ஸ்ட் தலைமுறையில் இப்படி இரண்டு புள்ளி பின்தங்கிய சிறுவனுக்கு ஒரே சுற்றில் வெல்லும் வழி இருக்கவில்லை. எக்ஸில் அவன் இன்னும் லாஞ்சரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, எந்த அளவு சாய்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.